நான் வெளுத்த வடக்குச் சுவர்

ஓசூரைச் சுற்றியுள்ள கம்பெனிகளில் துருப்பிடித்த இரும்பை வெள்ளி மாதிரி ஆக்கித் தருவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நானேதான் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லத் தகுதி உள்ள மற்றவர்கள் எல்லாரும் என்னிடம் வேலை கற்றவர்கள்.

ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். அதிலும் கடைசி வருஷம் பாதி நாள் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பையோடு பஸ் ஏறி ஓசூரில் இறங்கி, ஒரு வார்ப்படப் பட்டறையில் பிசிறு தேய்க்கிற வேலைக்குச் சேர்ந்தேன். இன்றைக்கு என் ஷெட்டில் முப்பது பேர் வேலை செய்கிறார்கள். ஜூஜுவாடி எல்லையைத் தாண்டி வருகிற கர்நாடகா லாரிகள் என் ஷெட் வாசலில் வரிசை கட்டி நிற்கும். பெரிய பெரிய படிப்புப் படித்த இன்ஜினியர்கள் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு இரும்பில் எவ்வளவு பள்ளம் என்று சொல்வதை நான் கட்டைவிரல் நகத்தால் ஒரு தடவை இழுத்துப் பார்த்துச் சொல்லிவிடுவேன். பந்தயம் கட்டியவர்கள் எல்லாரும் தோற்றிருக்கிறார்கள்.

என் தொழிலை ஊரில் மணல் அடிக்கிறது என்பார்கள். கம்ப்ரெஸர் காற்றை அழுத்தித் தரும். நடுவில் பானை மாதிரி ஒரு இரும்பு டாங்கி, அதில் பொடிக்கல். அங்கிருந்து தடித்த குழாய், குழாயின் முனையில் நாசில். அதைப் பிடித்து எதன்மேல் காட்டினாலும் மேலே இருக்கிற துரு, பெயிண்ட், அழுக்கு எல்லாம் பறந்துவிடும். நாசில் பிடிக்கிறவன் தலையை முழுக்க மூடுகிற ஹெல்மெட் போட்டிருப்பான். அதற்குள் காற்று இரைந்துகொண்டே இருப்பதால் பக்கத்தில் இடி விழுந்தாலும் காதில் விழாது. நாசிலிலேயே கைப்பிடி ஒன்று உண்டு. விட்டால் காற்று நின்றுவிடும். அதை அழுத்திப் பிடித்தே இருந்தால் கை மரத்துப்போகும் என்று எங்கள் ஆட்கள் கம்பியால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். கட்டச் சொன்னதே நான்தான். அதனால் காற்றை நிறுத்த வேண்டுமானால் டாங்கிப் பக்கத்தில் நிற்கிறவன்தான் வால்வை மூட வேண்டும்.

அதற்கு நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். நாசில் பிடித்தவன் கையைத் தூக்கினால் ஒழிய எவன் சொன்னாலும் வால்வைத் தொடக் கூடாது. நடுவில் நிறுத்தினால் இரும்பின்மேல் வரி விழும், கம்பெனிக்காரன் சரக்கைத் திருப்பி அனுப்புவான். ஒருமுறை டாங்கிக்காரனைச் சோதிக்க நானே எதிரில் நின்று நிறுத்து நிறுத்து என்று கையை ஆட்டினேன். அவன் பயந்து மூடிவிட்டான். அத்தனை பேர் முன்னாலும் அவனைத் திட்டித் தீர்த்தேன். அத்திப்பள்ளிப் பக்கத்துக் கன்னடக்காரன், நல்ல வேலைக்காரன். அதற்கப்புறம் அவன் எனக்குக்கூட மசிவதில்லை. அதைப் பெருமையாக வெளியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது கோயிலுக்கு வருகிறேன்.

ராயக்கோட்டை ரோட்டிலிருந்து உள்ளே போனால் என் மனைவி பிறந்த ஊர். ஏரிக்கரையில் ஒரு பழைய கல் கோயில். எந்தக் காலத்தில் கட்டியது என்று அங்கே யாருக்கும் தெரியாது. சுவர் முழுக்கச் சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கு மேலே காவிப் பட்டை, அதற்கு மேலே சுவரையே கறுப்பாக்கிவிட்ட எண்ணெய்ப் பிசுக்கு, கீழ்ப்பக்கம் யாரோ தேர்தல் சமயத்தில் அடித்த பெயிண்ட் வேறு. கும்பாபிஷேகம் வைக்க நாள் குறித்தார்கள். அந்த ஊரில் பெரியவர் முதல் சின்னது வரை என்னை மாப்ள என்றுதான் கூப்பிடும். அப்படிப்பட்ட ஊரில் கமிட்டிக் கூட்டம் நடக்கும்போது நான் வாயை மூடிக்கொண்டு உட்கார முடியுமா?

"சுவத்த எங்கிட்ட வுடுங்க. மூணே நாளு. கல்லு புதுசா பொறந்த மாதிரி இருக்கும்," என்றேன்.

கமிட்டித் தலைவர் கரும்பும் நெல்லும் வைத்திருக்கிற விவசாயி. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். எனக்கு மாமா முறை. "கூலி எத்தினி ஆவும் மாப்ள?" என்றார்.

"மாமியார் ஊருல கூலி கேட்டா என் பொண்டாட்டி சோறு போடுவாளா?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே முடிவானது, வாசலில் ஒரு கறுப்புக் கிரானைட் பலகையில் என் பேரைச் செதுக்கி உபயம் என்று போடுவது. நான் வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். அதற்குமேல் சொல்லவில்லை.

என் ஷெட்டில் தரம் பார்க்கிற வேலையில் ஒரு அம்மா இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம். நாற்பது வயசு தாண்டியவர். புருஷன் வேறு கம்பெனியில். ஞாயிற்றுக்கிழமையானால் இந்த அம்மா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காடு மேடெல்லாம் போய், நடுகல்லையும் பழைய கோயில் சுவரையும் பார்த்துவிட்டு வருவார். அவரை மாதிரி இன்னும் சில பேர் சேர்ந்து சுற்றுகிறார்கள். சுவரில் வெட்டிய எழுத்தின்மேல் ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷால் தட்டி, மை ஒற்றி எடுப்பார்கள். எழுத்து வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் காகிதத்தில் விழும். மைப்படி என்று அதற்குப் பேர். எனக்கு அதெல்லாம் வேலையில்லாதவர்கள் வேலையாகத் தெரிந்தது.

சனிக்கிழமை நான் கம்ப்ரெஸரை வண்டியில் ஏற்றச் சொல்லும்போது அந்த அம்மா வந்து நின்றார்.

"அய்யா, அந்தக் கோயில்லயா மணலடிக்கப் போறீய? சுண்ணாம்புக்கு உள்ளுக்க எழுத்து இருந்தாலும் இருக்கும்யா. கோயில்ல மணலடிக்கக் கூடாதுன்னு உத்தரவே இருக்கு. ஒரு வாரம் பொறுங்க, நாங்க சுரண்டிப் பாத்துட்டுச் சொல்லுதோம்."

"ஏம்மா, நான் அழுக்கத்தான் எடுக்கறேன். கல்லையா எடுக்கறேன்?"

அவர் ஏதோ சொல்ல வந்தார். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நான் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வடக்குச் சுவரில் ஆரம்பித்தோம். ஊரே திரண்டு தூரத்தில் நின்று பார்த்தது. என் ஃபோர்மேன் ஹெல்மெட்டை எடுத்தான். அதை அவன் கையிலிருந்து நான் பிடுங்கிக்கொண்டேன். அறுபத்தெட்டு வயசில் இன்னும் நாசில் பிடிக்கிற முதலாளி இந்தத் தொழிற்பேட்டையில் என்னைத் தவிர யார்? மாமியார் ஊர் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

முதல் ஓட்டத்தில் சுண்ணாம்பு பாளம் பாளமாகக் கழன்றது. உள்ளே கல் தெரிந்தது. கல்லில் வரிவரியாகக் கோடு. தூசிக்குள் ஹெல்மெட்டின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது உளி கொத்திய தடம் மாதிரி இருந்தது. பழைய ஆட்கள் சரியாக மட்டம் பண்ணாமல் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். என் கையில் வந்த சாமான் மேடு பள்ளமாகப் போனதாகச் சரித்திரம் கிடையாது. இன்னொரு ஓட்டம் கொடுத்தேன். அதற்கு மேலே இன்னொன்று. கோடு போய், கல் மாவு பூசின மாதிரி வெளுத்தது. அப்படியே சுவர் முடியும் வரைக்கும் போனேன். நடுவில் குழாயை யாரோ இழுக்கிற மாதிரி ஒருதரம் ஆட்டம் தெரிந்தது. கல்லில் சிக்கியிருக்கும் என்று நானும் பதிலுக்கு ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டேன்.

கையைத் தூக்கினேன். காற்று நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினால் கைத்தட்டல். சுவர் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. மாமா ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பலே மாப்ள! ஏரிக்கு அந்தாண்ட இருந்து பாத்தாலே தெரியும்!"

அவருக்குப் பின்னால் அந்த நெல்லைக்கார அம்மா நின்றிருந்தார். தலையெல்லாம் கல்மாவு. ஒரு கையில் பிரஷ், இன்னொரு கையில் சுருட்டின காகிதம். குரல் கட்டிப்போயிருந்தது.

"அய்யா, நான் எவ்வளவு நேரமா கத்துதேன் தெரியுமா? குழாயப் புடிச்சுக்கூட இழுத்தேன்."

டாங்கிக்காரன் முகத்தைப் பார்த்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டு, "நீவே ஹேளித்ரல்லா சார்," என்றான். நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அர்த்தம்.

"என்னம்மா ஆச்சு இப்ப?" என்றேன்.

"எழுத்து இருந்துச்சுய்யா. மொத ஓட்டத்துல சுண்ணாம்பு விழுந்ததும் சுவரு முழுக்க எழுத்து. நான் போன எடுக்கதுக்குள்ள ரெண்டாவது ஓட்டம் வந்துட்டீய."

போனைக் காட்டினார். புகைமூட்டம் மாதிரி ஒரு படம். அதில் என் முதுகும், முதுகுக்கு அந்தப் பக்கம் ஏதோ கீறலும் தெரிந்தன. எனக்குக் கோபம்தான் வந்தது. ஊர் முன்னால் எனக்கு ஒரு குறை சொல்ல வந்துவிட்டார் என்று தோன்றியது.

"அது உளித்தடம். எனக்குத் தெரியாததா?"

"அப்ப வாங்க. நகம் வெச்சுப் பாருங்க. நீங்க சொன்னா நான் ஒத்துக்கிடுதேன்."

அந்த அம்மா என்னிடம் வேலை செய்கிறவர், எங்கே தட்டினால் நான் எழுந்து வருவேன் என்று தெரியும். வடக்குச் சுவரின் கோடியில் மழைநீர் வடிகிற ஒரு பிளாஸ்டிக் பைப் மேலிருந்து கீழே இறங்கியிருந்தது. அதற்குப் பின்னால் மணல் படாமல் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை மிச்சம் இருந்தது. பைப்பை நகர்த்தி, தண்ணீர் தெளித்து, மூங்கில் குச்சியால் சுண்ணாம்பைச் சுரண்டினார். அதிலே ஒரு எழுத்து இருந்தது. முழுசாகக்கூட இல்லை, ஒரு எழுத்தின் வால். சுழித்துக்கொண்டு போய், நான் அடித்த இடம் தொடங்கியதும் நின்றுவிட்டது.

கட்டைவிரல் நகத்தை அடிக்காத கல்லில் வைத்து அடித்த கல்லுக்கு இழுத்தேன். நகம் கீழே இறங்கியது. படியில் இறங்குகிற மாதிரி. திரும்ப இழுத்தேன், திரும்பவும் இறங்கியது. அந்த வாலின் பள்ளத்தில் நகத்தை விட்டுப் பார்த்தேன். அந்தப் படி எத்தனை ஆழமோ, பள்ளமும் அத்தனை ஆழம்தான். கொஞ்சம்கூட வித்தியாசம் இல்லை. என் நகம் பொய் சொல்லாது. அந்தச் சுவரில் எழுத்து எவ்வளவு ஆழத்துக்கு இருந்ததோ, அவ்வளவு கல்லையும் நான் எடுத்துவிட்டேன்.

"எத்தன வரிம்மா இருந்துச்சு?" என்றேன்.

"எண்ண முடியலய்யா."

அவர் அழவில்லை. பிரஷைத் துணியில் துடைத்துக்கொண்டே, "தெக்குச் சுவத்துலயும் இருக்கும். அத மட்டும் விட்டுருங்க," என்றார். "அதுவும் போச்சுன்னா, இந்தக் கோயில யாரு கட்டுனா, இங்க என்ன நடந்துச்சுன்னு இனி ஒருத்தருக்கும் தெரியாது. வேற எங்கயும் எழுதி வெக்கல."

நான் வாயைத் திறப்பதற்குள் கோயிலுக்கு அந்தப் பக்கமிருந்து கம்ப்ரெஸர் உறுமியது.

சாப்பாட்டு நேரத்தில் இயந்திரம் சும்மா இருக்கக் கூடாது என்பதும் என் சட்டம்தான். ஃபோர்மேன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, டாங்கிக்காரனையும் கூட்டிக்கொண்டு தெற்குச் சுவருக்குப் போய்விட்டான்.

என் வலது முழங்கால் பல வருஷமாக மடங்காது. அதோடு ஓடினேன். கோயிலைச் சுற்றிக் குவித்திருந்த ஜல்லியில் வழுக்கி ஒரு கை ஊன்றி எழுந்தேன். வாழ்க்கையில் யாரிடமும் கெஞ்சாதவன், அந்த மூலை திரும்புவதற்குள் இரண்டு சாமி பேர் சொல்லிவிட்டேன். மூலையில் திரும்பினால் தெற்குச் சுவரின் கிழக்கு ஓரத்தில் புழுதி கிளம்புகிறது. ஃபோர்மேன் முதுகைக் காட்டி நிற்கிறான். அவனுக்குக் கேட்காது. பக்கத்தில் போனால் பொடிக்கல் தோலை உரித்துவிடும். டாங்கிக்காரனைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினேன்.

"நிறுத்துடா! நில்சு! நில்சு!"

அவன் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான். பழையபடி சோதிக்கிறேன் என்று நினைத்துவிட்டான். இந்தத் தடவை ஏமாற மாட்டேன் என்கிற மாதிரி தலையை ஆட்டி, வால்வுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நெசமாடா! மூடுடா!"

இன்னும் பெரிதாகச் சிரித்தான்.

அவனை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். பத்து வருஷமாக என் சோற்றைத் தின்கிறவன், நான் சொன்னதை அப்படியே கேட்டவன், ஜல்லிமேல் உட்கார்ந்து என்னைப் பார்த்தான். நான் வால்வை மூடினேன். குழாய் ஒரு தரம் துள்ளிவிட்டு அடங்கியது. ஃபோர்மேன் கையைத் தூக்காமலே காற்று நின்றதால் திகைத்துத் திரும்பினான்.

சுவரில் ஒரு முறத்தின் அளவுக்கு வெளுத்திருந்தது. அதைச் சுற்றிச் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில், கண்ணால் பார்க்கும்படியாக, வரிசை வரிசையாக எழுத்து. வெளுத்த இடத்தின் விளிம்பு வரைக்கும் வந்து அங்கே காணாமல் போயிருந்தது.

சத்தம் நின்றதைக் கேட்டு மாமா வந்தார், பின்னாலேயே ஊர்.

"ஏமி மாப்ள, என்னாத்துக்கு நிறுத்திட்ட? கரண்டு போச்சா?"

"இந்தச் சுவத்த அடிக்கலீங்க மாமா."

"அடிக்கலியா? ஒரு பக்கம் வெள்ள, ஒரு பக்கம் கறுப்பா? கும்பாபிஷேகத்துக்கு வர்றவன் சிரிக்க மாட்டானா? நாளைக்கு யாகசாலப் பந்தல் போட ஆளு வர்றாங்க."

"எழுத்து இருக்குதுங்க."

"இருந்தா இருந்துட்டுப் போவுது. படிக்கிறவன் எவன் இங்க இருக்கிறான்? நீ படிப்பியா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். ஐந்தாம் வகுப்பு என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். மற்ற நாளாக இருந்தால் அதற்கு ஒரு பதில் வைத்திருப்பேன். கம்ப்ரெஸர் பழுது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாயங்காலம் வரை தள்ளிவிடலாம். ஆனால் இரவோடு இரவாக அவர்கள் வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். என்னிடம் கற்றவன் ஊருக்கு ஒருத்தன் இருக்கிறான். பாதி விலைக்கு ஓடிவருவான். காரணத்தைச் சொன்னால்தான் சுவர் நிற்கும். காரணம் என்னவென்றால் நான்.

"மாமா, நான் ஒண்ணு சொல்லணும். எல்லாரும் கேளுங்க," என்றேன். "வடக்குச் சுவத்துலயும் இதே மாதிரி எழுத்து இருந்துச்சு. காலையில நீங்க கைதட்டினீங்களே, அப்பதான் அது போச்சு. நான்தான் அழிச்சேன். இந்தம்மா வேணாம்னாங்க, கேக்கல. கல்லு எவ்வளவு போச்சுன்னு நகம் வெச்சுப் பாத்துட்டேன். திருப்பிக் கொண்டார முடியாது. என்னாலயும் முடியாது, யாராலயும் முடியாது."

மாமா வடக்குப் பக்கம் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். "அதுல என்னா எழுதியிருந்துச்சோ," என்றார்.

"தெரியாதுங்க."

"வூட்டுப் பத்திரத்தக் கிழிச்சிட்டு வந்து நிக்கற மாதிரி நிக்கறியே மாப்ள."

மாப்ள என்று அவர் எப்போதும்போல்தான் சொன்னார். எனக்குத்தான் அது வேறு மாதிரி கேட்டது.

தெற்குச் சுவரை அப்படியே விட்டார்கள். அந்த அம்மாவும் அவர் கூட்டாளிகளும் தண்ணீரும் மூங்கில் குச்சியுமாக வந்து சுரண்டினார்கள். நானும் போனேன். என் மெஷின் ஒரு மூச்சில் முடிக்கிற இடத்துக்கு ஒரு நாள் பூரா ஆயிற்று. பிறகு ஈரக் காகிதம் ஒட்டித் தட்டினார்கள். என் ஷெட்டில் இரும்பின் சொரசொரப்பைப் பார்க்க ஒரு மெல்லிய நாடாவை வைத்துத் தேய்த்துப் பதிவு எடுப்போம். கிட்டத்தட்ட அதே வேலைதான். இத்தனை வருஷம் அதைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நான் இதைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன்.

பழைய எழுத்து படிக்கத் தெரிந்த ஒருவர் காகிதத்தைப் பார்த்துச் சொன்னார். ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலத்தை ஒருவன் கோயிலுக்கு எழுதிவைத்திருக்கிறான். அதில் விளைவதை வைத்து ஏரியின் மதகைப் பழுதுபார்க்க வேண்டும், கோயிலில் விளக்கு எரிக்க வேண்டும். கடைசியில், இந்தத் தருமத்தைக் காப்பாற்றுகிறவனுடைய பாதத்தைத் தன் தலைமேல் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். அந்தக் காலத்தில் கொடுத்தவர்கள் அப்படி எழுதுவது வழக்கமாம்.

"கொடுத்தவன் பேரு என்னா?" என்று மாமா கேட்டார்.

படித்துச் சொன்னவர் காகிதத்தைத் திரும்பவும் பார்த்தார். "இது நடுவுலேர்ந்து தொடங்குதுங்க. தொடக்கம், ராஜா பேரு, கொடுத்தவன் பேரு எல்லாம் அந்தப் பக்கத்துச் சுவத்துல இருந்திருக்கும்."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் தாங்கவில்லை.

கும்பாபிஷேகம் நடந்தது. வடக்குச் சுவர் வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு. வந்தவர்கள் கேட்டார்கள், ஊர்க்காரர்கள் சொன்னார்கள். டாங்கிக்காரனிடம் அவன் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். என் ஷெட்டில் இப்போது நாசில் கைப்பிடியைக் கம்பியால் கட்டுவதில்லை. யார் கத்தினாலும் வால்வை மூடலாம். சரக்கில் வரி விழுந்தால் விழட்டும், திரும்ப அடித்துக்கொள்ளலாம்.

வாசலில் கறுப்புக் கிரானைட் பலகையை முன்னமே பதித்துவிட்டிருந்தார்கள். என் பேர் பெரிய எழுத்தில், அதன் கீழே உபயம். நல்ல ஆழமான வெட்டு. நகம் வைத்துப் பார்த்தேன், என் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் வந்தாலும் தேயாது.

மாமாவிடம் போய், "அந்தப் பலகைய எடுத்துருங்க மாமா," என்றேன். "எடுக்க முடியலன்னா சொல்லுங்க, சின்ன மெஷின் ஒண்ணு இருக்குது. பேரு மட்டும் போவும், ரெண்டு நிமிச வேலை."

அவர் பலகையைப் பார்த்தார், அப்புறம் வெள்ளைச் சுவரைப் பார்த்தார்.

"உன் பேரு இருக்கட்டும் மாப்ள," என்றார். "அழிச்சது யாருன்னாவது தெரியணுமில்ல. அப்புறம் இன்னொண்ணு. அந்த மெஷினு இனி இந்தக் கோயிலாண்ட வரக் கூடாது."